குடைக்கப்பலின் கடைசிச் சுக்கான்

ஜன்னலோரம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, நீங்களே இருங்க. காத்து மூஞ்சில அடிச்சா எனக்கு ஆகாது. ஜன்னலே இல்லாத ரூமுல உக்காந்து காலத்தைக் கழிச்சவன் நான். பாளையங்கோட்டையில இறங்கணும். நீங்க ஜங்சன் வரைக்குமா? நல்லதாப் போச்சு. பேசிக்கிட்டே போலாம். பேசலேன்னா எனக்கு இன்னைக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

இந்தத் துண்டைப் பாருங்க. பொன்னாடையாம்! தோள்ல போட்டு ஒரு மணி நேரம் ஆகல, சரிகை உதிந்து சட்டையெல்லாம் மினுங்குது, கூத்துக்காரன் மாதிரி இருக்கேன். நாட்டுக்கே கண்ணா இருந்த கப்பல்ல, அந்தக் கண்ணைத் திருப்பினவன் நான், எனக்கு இந்தத் துண்டு. சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பயலுக்கு ஆளுயர ரோசாப்பூ மாலை. இந்த அநியாயத்தை எங்கயாவது கண்டிருக்கியளா?

கப்பல் பேரு சமுத்ர நேத்ரா. கேள்விப்பட்டிருக்க மாட்டிய. கேள்விப்படக் கூடாதுன்னுதான் அப்ப சட்டம். பொண்டாட்டிகிட்டகூட எங்க போறோம்னு சொல்லக் கூடாது. நான் சொன்னதும் இல்ல, அவ கேட்டதும் இல்ல. தூத்துக்குடிக்காரன் குடைக்கப்பல்னு சொல்லுவான். மேல ரெண்டு பெரிய வெள்ளை டிஷ்ஷு மல்லாக்க இருக்கும், அதைப் பாத்து வச்ச பேரு. ஏவுகணை போற தடத்தைப் பாக்குற கப்பலு. அதைப் போயி குடைங்கான். இந்த ஊருக்காரனுக்கு அவ்வளவுதான் விளங்கும்.

அது பொறக்கும்போதே இந்த வேலைக்குப் பொறந்த கப்பல் இல்ல, கேட்டுக்கிடுங்க. எங்கயோ பனி கொட்டுற தேசத்துல மரத்தடி ஏத்துறதுக்குக் கட்டினது. கை மாறி, பேரு மாறி, கடைசில கந்தகம் ஏத்திக்கிட்டு நம்ம துறைமுகத்துக்கு வந்துச்சு. வந்த இடத்துல கம்பெனிக்காரன் நொடிச்சுப் போனான். நங்கூரம் போட்டமேனிக்குத் துருப்பிடிச்சுக் கிடந்ததை எங்க இலாகா வாங்குச்சு. புதுசா ஒண்ணு கட்ட நேரம் இல்லையாம். வெள்ளையடிச்சு, சாமானெல்லாம் ஏத்தி, ஒரு பேரு வச்சாக. மழை பேஞ்சா அடித்தட்டுல இருந்து கந்தக வாடை எந்திரிக்கும். டெல்லியில இருந்து வந்த சயின்டிஸ்டு ஒருத்தரு மூக்கைப் பொத்திக்கிட்டு, எதோ கசியுது, எதோ கசியுதுன்னு படியேறி ஓடினாரு. ஒண்ணும் கசியல சார், கப்பலு பழைய ஏப்பம் விடுதுன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. சரி, தப்பிச்சேன்.

மேல டிஷ்ஷு ஏறினதும் கப்பலுக்குத் தலை கனத்துப் போச்சு. சின்ன அலைக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லம்பும். அதுக்கு அடியில கான்கிரீட் கொட்டினாக. மிதக்குற சாமானுக்கு அஸ்திவாரம்! படிச்ச மூளைக்குத்தான் இதெல்லாம் தோணும். நான் சின்ன வயசுல சேந்தேன். டிப்ளமா முடிச்சிட்டு, டிஷ்ஷைத் திருப்புற வேலைக்கு. ஆவுடையப்பன்னா இலாகாவுல தெரியாத ஆள் கிடையாது.

வேலை என்னன்னு கேக்கியளா? கரையில இருந்து ஏவுகணைய விடுவான். கொஞ்ச தூரம் கரையில இருக்கவன் அதைப் பின்தொடருவான். உலகம் உருண்டைல்லா, அதுக்கப்புறம் கடலே மறைச்சிரும். அங்கதான் நாங்க. நடுக்கடல்ல நின்னுக்கிட்டு, அது கடல் விளிம்புல தலை காட்டினதுல இருந்து விழுற வரைக்கும் டிஷ்ஷு அதும் பின்னாலயே திரும்பணும். அது சும்மா வராது. சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, எந்த உறுப்பு எப்படி இருக்குன்னு பேசிக்கிட்டே வரும். ஒரு நொடி காதை எடுத்தோம்னா அந்தப் பேச்சு போனது போனதுதான். திரும்பச் சொல்லுன்னு கேக்க முடியாது. அந்த நேரம் கப்பலு மெதுவா, நூல் பிடிச்சாப்புல ஒரே திசையில போகணும். டெக்குல ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது. எல்லாரும் உள்ள. நான் உள்ளுக்கும் உள்ள. என் ரூமுல ஒரு ஸ்கிரீன், ஒரு கைப்பிடி, ஒரு போன். வெளிச்சம் இருந்தா ஸ்கிரீன் தெரியாதுன்னு ஜன்னலே வைக்கல.

அத்தனை வருசத்துல ஒரு ஏவுகணையைக்கூட நான் கண்ணால பாத்ததில்ல, தெரியுமா? எதுக்குப் பாக்கணும்? எனக்கு அது பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளியோட சங்கதி எனக்குத் தெரிஞ்ச மாதிரி அதைச் செஞ்சவனுக்கே தெரியாது. மேல பிரிட்ஜுல, அதான் சுக்கான் ரூமுல, நிக்குற தொம்மைதான் கண்ணாடி வழியா எல்லாத்தையும் பாப்பான். பாத்துட்டு என்ன சொல்லுவான்? "அண்ணாச்சி, இன்னைக்கு வாணம் நல்லாப் போச்சு"ம்பான். வாணம்! நாட்டோட ஏவுகணைய, கோயில் கொடையில விடுற வாணம்ங்கான்.

இந்தத் தொம்மைதான் சுக்கான்காரன். தொம்மை மச்சாது. திரேஸ்புரத்துல வீடு. அலட்டல்னா அலட்டல். நான் சேந்த வருசந்தான் அவனும் சேந்தான். சுக்கான்ல நிக்கும்போது விசிலடிச்சுக்கிட்டேதான் நிப்பான். சீட்டாட உக்காந்தா கப்பலே அதிரும். எனக்குக் குகைச்சாமின்னு பட்டப்பேரு வச்சதும் அவன்தான். "குகைச்சாமி வெளியில வந்துட்டாருடோய், சூரியனுக்குச் சொல்லுங்க"ம்பான். நான் வாயைக் கொடுக்கிறதில்ல. நம்ம சோலி வேற, அவன் சோலி வேற. அவனுக்கு வலது, இடது, ரெண்டே ரெண்டு திசை. எனக்கு வானம் பூரா திசை.

டிக்கெட்டா? எடுத்தாச்சுய்யா, இந்தா பாரு. வயசான ஆளுன்னா டிக்கெட் எடுக்காம ஏறிருவான்னு நினைப்பு இவனுவளுக்கு.

எங்க விட்டேன்? ஆங், வானம். இப்ப நான் சொல்லப் போறதைக் கொஞ்சம் கவனிங்க, இது நுட்பமான சங்கதி. ஏவுகணை கடல் விளிம்புல தலை காட்டுது பாருங்க, அப்ப அது ரெண்டா இருக்கும். ஒண்ணு வானத்துல நிசமா வர்றது. இன்னொண்ணு தண்ணியில பட்டுத் தெரியுற நிழலு. டிஷ்ஷுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அசந்தா நிழலைப் பிடிச்சுக்கிட்டு, கடலைப் பாத்துத் தலையைக் குனிஞ்சிரும். அதனால கொஞ்சம் உயரம் வர்ற வரைக்கும் கையாலேயே நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, அப்புறமா தானாத் திரும்புற மாதிரி ஆட்டோவுல விடணும்னு சொல்லிக் கொடுப்பாக. மத்த பயலுவ எல்லாம் அப்படித்தான் பயந்து பயந்து, கைப்பிடியை விடாம, வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பானுவ. நான் அப்படி இல்ல. புள்ளி வந்துச்சா, சட்டுனு ஆட்டோவுல விட்டுருவேன். வண்டிய கண்ட்ரோல்ல வச்சிருக்கவனுக்கு என்ன பயம்? அதுதான் ஆவுடையப்பன் கை. அந்த வேகத்தைப் பாத்துட்டு ஒரு ஜெனரல் மேனேஜரே வாயைப் பிளந்திருக்காரு.

ஒவ்வொரு தடவையும் விடுறதுக்கு முன்னால ஒரு பூசை நடக்கும், அந்தக் கூத்தையும் கேளுங்க. தேங்கா உடைப்பாக, டிஷ்ஷுக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைப்பாக. எந்த டிஷ்ஷுக்குக் கீழ முதல்ல வைக்கணும்னு ரெண்டு டாக்டர் பட்டக்காரங்க சண்டை போட்டு, ஒருத்தருக்கொருத்தர் பேசாம இருந்திருக்காக. தொம்மை அவன் பங்குக்குச் சுக்கான்ல ஒரு செபமாலையைத் தொங்கவிட்டிருப்பான். நான் எதையும் நம்புறதில்ல. எனக்குக் கை இருக்கு.

ஒரு வருசம் மழைக்கு முன்னால ஒரு பெரிய சோதனை. அதுவரைக்கும் விட்டதுலயே அதுதான் பெருசு. கரையில யார் யாரோ வந்து உக்காந்திருக்காக. எங்க கேப்டன் குருப்பு சாருக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல. மலையாளத்துக்காரரு, நல்ல மனுசன், ஆனா சட்டுனு பதறிருவாரு. பிரிட்ஜுல அவரும் தொம்மையும் மட்டுந்தான். என் ரூமுல நான்.

நேரம் வந்துச்சு. புள்ளி வந்துச்சு. நான் வழக்கம்போல ஆட்டோவுல விட்டேன். டிஷ்ஷு பிடிச்சுது, கொஞ்சம் போச்சு, அப்புறம் லேசாக் குனிஞ்சுது. கடலு அன்னைக்குக் கண்ணாடி மாதிரி கிடந்துச்சு, அது கடலோட குணம், அதுக்கு மனுசன் என்ன செய்ய முடியும்? நிமித்தலாம்னு பாக்கேன், இன்னும் குனியுது. ஆனா நான் சும்மா இருப்பேனா? உடனே போனை எடுத்துட்டேன். பிரிட்ஜுக்கு அடிச்சேன். சார், டிஷ்ஷு குனியுது, நான் நிமித்துதேன், கப்பலை இம்மி அசைக்காதியன்னு கத்துதேன். அந்தப் போனை எந்தப் புண்ணியவான் வச்சானோ, பிரிட்ஜுல பின்சுவத்துல இருக்கு. குருப்பு சார் திரும்பி நின்னுக்கிட்டு, "எந்தா, எந்தா"ங்காரு. மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுதேன். சொல்லிக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி, போன் என் காதுல இருக்கு, அப்ப திருப்புதான் பாருங்க பாவி! கப்பலு அப்படியே ஒரு பக்கமா சாயுது. என் டீ கிளாசு மடியில கவுந்துச்சு. போனுக்குள்ள குருப்பு சார் எதுலயோ மோதுற சத்தம் கேக்குது. ஸ்கிரீன்ல புள்ளியும் இல்ல, புள்ளி இருந்த அடையாளமும் இல்ல.

அவ்வளவுதான். ஏவுகணை போயி எங்கயோ விழுந்துச்சு. நல்லா விழுந்துச்சா, கெட்டு விழுந்துச்சா, யாருக்கும் தெரியாது. நாட்டோட உழைப்பு அத்தனையும் காத்தோட போச்சு. நான் பிரிட்ஜுக்கு ஓடுதேன். தொம்மை சுக்கானை விடாம கடலையே எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கான். ஏம்லே திருப்பினன்னு கேட்டா, "முன்னால மீன்பிடி வள்ளம் அண்ணாச்சி, ஆளு சட்டையைக் கழட்டி வீசுதான், ஏத்திக் கொல்லவா சொல்லுதிய"ங்கான்.

வள்ளம்! அந்த இடத்துல வள்ளம் எப்படி வரும்? அது தடை போட்ட கடலு. ரேடியோவுல சொல்லியாச்சு, பேப்பர்ல போட்டாச்சு. சோதனை நடக்கும்போது நிறுத்திப் பாக்க முடியாது. எல்லாம் முடிஞ்சப்புறம் குருப்பு சார் கப்பலைத் திருப்பித் தேடினாரு. நீரோட்டத்துல எதுவும் தென்படல. எப்படித் தென்படும்? இருந்தால்லா தென்படும்.

விசாரணை வச்சாக. பெரிய பெரிய ஆளுக, நீள மேசை. என்னைக் கூப்பிட்டாக. கப்பல் திரும்புச்சான்னாக. திரும்புச்சுன்னேன். தடம் போச்சான்னாக. போச்சுன்னேன். உங்க ஸ்கிரீன்ல வள்ளம் தெரிஞ்சுதான்னாக. தெரியலன்னேன். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. கேட்டதுக்குப் பதில். அதுதான் ஒழுங்கு. தொம்மை மட்டும் வள்ளம், வள்ளம்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னான். சுக்கானைத் தொடவே கூடாதுன்னு எழுதிட்டாக. துரு தட்டுற வேலைக்குப் போட்டாக. சுத்தியலை வச்சுக்கிட்டு கப்பலைச் சுத்தித் துருவைக் கொத்தி எடுக்கணும், பெயிண்ட் அடிக்கணும். அடிச்சு முடிக்கதுக்குள்ள அடிச்ச இடத்துல மறுபடியும் துரு வந்திரும். அதுக்கு முடிவே கிடையாது.

வேற கப்பலுக்குப் போகலாம்லான்னு கேக்கிய. எழுதினது கூடவே வருமே. எவன் சுக்கான் கொடுப்பான்? அதனால அங்கயே கிடந்தான். வேணும்னே என் ரூமு சுவத்துக்கு வெளியில வந்து நின்னு டொக்கு டொக்குன்னு தட்டுவான். ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், இந்த ஆளு என் வேலையைக் கெடுக்கான்னு. ஒரு நன்மை என்னன்னா, அதோட விசில் நின்னு போச்சு. சீட்டாட்டமும் இல்ல. கப்பலே அமைதியாச்சு.

அதுல இருந்து சமுத்ர நேத்ராவுக்கு இறங்குமுகந்தான். பெரிய சோதனைக்கெல்லாம் நம்மளை நம்பல. சின்னச் சின்ன ராக்கெட்டு, பொம்மை மாதிரி, அதுக்குக் கூப்பிட்டாக. அப்புறம் ஒரு டிஷ்ஷைக் கழட்டிக்கிட்டுப் போனாக. ஒத்தைக் கண்ணா ஆயிருச்சு. ஒரு புயலப்போ அந்தமானுக்கு அரிசி மூட்டை ஏத்தினாக. என் ரூமுக்குள்ளயும் மூட்டை அடுக்கிட்டானுவ, கைப்பிடிக்கு மேலயே. ஏவுகணைத் தடம் பாத்த கப்பல்ல பலசரக்குக் கடை! இதெல்லாம் ஒரு சுக்கான்காரன் புண்ணியம். இன்னொண்ணு சொல்லட்டுமா, அந்த விசாரணை முடிஞ்ச கையோட இலாகா ஒரு ஆர்டர் போட்டுச்சு, டிஷ்ஷை இனிமே யாரும் சீக்கிரமா ஆட்டோவுல விடக் கூடாதுன்னு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. படிச்சவுக மூளை.

வாகைக்குளம் வந்துட்டா? இல்லையா? சரி.

இப்ப புதுக் கப்பல் கட்டிட்டாக. இது உடைக்கப் போகுது. உடைக்கிறதுக்கு முன்னால ஒரு மரியாதை வேணுமாம், இன்னைக்குக் காலையில அதுதான் விழா. பழைய ஆளுக எல்லாரையும் படகுல ஏத்தி, வெளியில நங்கூரம் போட்டு நின்ன கப்பலுக்குக் கொண்டு போனாக. கப்பல்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. கப்பலு கடைசியா கரைக்கு வரும்போது, அதுல அதிக நாள் சுக்கான் பிடிச்சவன் எவனோ அவன் கையாலதான் கொண்டாந்து கட்டணும். கடைசிச் சுக்கான்னு பேரு. முறைப்படி பாத்தா அது தொம்மைக்குத்தான் வரணும். ஆனா அவன் தொடக் கூடாத ஆளுல்லா? அதனால யாரோ ஒரு புதுப் பயலைப் போட்டிருந்தாக.

தொம்மை என்ன செஞ்சான் தெரியுமா? விழாவை நடத்துற அதிகாரிகிட்டப் போயி நிக்கான். எனக்குச் சால்வை வேண்டாம், சாப்பாடு வேண்டாம், இந்த ஒரு தடவை நான் கொண்டாந்து கட்டுறேன்யாங்கான். தலையெல்லாம் நரைச்சு, கையெல்லாம் சுத்தியல் பிடிச்சுக் காய்ச்சுப் போயி, சின்னப் பிள்ளை மாதிரி கேக்கான். மானம் இருக்கவன் கேப்பானா? அதிகாரி பாவம், புதுசு. ஆர்டர் இருக்கே, நான் என்ன செய்யட்டும்ங்காரு. நியாயந்தான்.

அப்பதான் ஒரு படகு வந்து ஒட்டுது. வேட்டியும் சட்டையுமா அஞ்சு பேரு ஏறுதாக. கோடிக்கரைப் பக்கத்து மீன்காரங்களாம். கையில ரோசாப்பூ மாலை. அதுல மூத்தவரு பேரு வேதரெத்தினம். "பேப்பர்ல இந்தக் குடைக்கப்பல் படம் பாத்தோம்ங்க. ஒடைக்கப் போறாங்கன்னு போட்டிருந்துச்சு. அதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும்னு வந்தோம்ங்க. எஞ்சின் நின்னு போயி நாங்க அலைஞ்சுகிட்டுக் கிடந்தப்ப, இந்தக் கப்பல்தான் எங்க மேல ஏற வந்துச்சு. கிட்ட வந்து திரும்புச்சு. அது திரும்பலேன்னா எங்க பிள்ளைங்கல்லாம் பொறந்தே இருக்காதுங்க. அன்னைக்குத் திருப்புனது யாருங்க?"ன்னு கேக்காரு.

அத்தனை பேரும் தொம்மையப் பாக்காக. தொம்மை தரையப் பாக்கான்.

நான் விடுவேனா? ஏங்க, வள்ளம் இருந்தா என் ஸ்கிரீன்ல தெரிஞ்சிருக்கும்லான்னு கேட்டேன். அந்த ஆளு என்னைப் பாத்து, "நீங்க எங்க இருந்தீங்க?"ங்காரு. உள்ளன்னேன். "உங்க பெட்டி கடலைப் பாக்குமா, வானத்தைப் பாக்குமாங்க?"ங்காரு. வானத்தைத்தான்னேன். "நாங்க கடல்ல இருந்தோம்ங்க"ங்காரு. கூட இருந்தவனுவ சிரிக்கானுவ. எகத்தாளத்தைப் பாருங்க! தடை போட்ட கடலுக்குள்ள வந்தது அவுக. அதைக் கேக்க நாதி இல்ல. இத்தனை வருசம் ஏன் சொல்லலன்னு கேட்டா, "எங்க ஊர்ல எல்லாருக்கும் சொன்னோம்ங்க. உங்க ஆபீசு எங்க இருக்குன்னு யாருங்க எங்ககிட்ட சொன்னா?"ங்காரு. தொம்மை கழுத்துல மாலையைப் போட்டாச்சு. போட்டோ எடுத்தாச்சு.

ஆனா அதிகாரி விவரமானவரு. வள்ளம் இருந்திருக்கலாம், உயிரைக் காப்பாத்தினது நல்லதுதான், ஆனா தடம் போனது கப்பலைத் திருப்பினதாலதானே, ஆர்டர் ஆர்டர்தான்னுட்டாரு. சபாஷ்னு நினைச்சேன்.

குருப்பு சாரும் வந்திருந்தாரு. ரொம்பத் தளந்துட்டாரு, கம்பு ஊனிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருந்தாரு. அவரு என்னைப் பாத்து, "ஆவுடையப்பா, இங்க வா. கப்பல் திரும்புறப்போ நான் விழப் போனேன். என் கையில போன் இருந்தது. நீதானே அப்போ பேசினே?"ன்னாரு. நான்தான்னேன். "எதுக்குப் போன் பண்ணே?"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். அத்தனை பேரும் தொம்மை தொம்மைன்னு அவனையே சுத்தி நிக்காக, நான் ஒருத்தன் இருக்கதே யாருக்கும் தெரியல. இப்பவாவது ஒரு மனுசன் என்னைக் கேக்காரேன்னு, எல்லாருக்கும் கேக்கட்டும்னே சத்தமாச் சொன்னேன். "சார், நான் கண்ணு மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நினைச்சியளா? தடம் போகுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான்! இவன் சுக்கானைத் தொடுறதுக்கு முன்னாலயே டிஷ்ஷு குனிஞ்சிருச்சு. குனிஞ்ச அந்த நொடியே உங்களுக்குப் போன் அடிச்சிட்டேன். ரெண்டு தடவை சொன்னேன். அதுக்கப்புறந்தான் சார் இவன் திருப்பினான்! அவ்வளவு உசாரா இருந்தவன் நான்!"

அத்தனை பேரும் தொம்மைய விட்டுட்டு என் பக்கம் திரும்பிட்டாக அண்ணாச்சி. என் உசாரு அப்படி. அந்த அதிகாரி என்னைப் பாக்காரு, குருப்பு சாரைப் பாக்காரு. "முன்னாலேயே போயிருச்சா?"ன்னு கேக்காரு. ஆமா, முன்னாலயேன்னேன். "நிச்சயமா?"ங்காரு. எழுதித் தரவான்னேன். குருப்பு சார் கம்பு மேல நெத்தியை வச்சுக்கிட்டாரு. அப்புறம் மெதுவாச் சொல்லுதாரு, "நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னதைச் சொன்னா என் பேரு போயிரும்னு, அன்னைக்குப் போனைப் பத்தியே நான் பேசல. நான் பேசாததால உன்னை யாரும் கேக்கல." கிழவருக்கு வயசாயிருச்சு, கோர்வையா பேச வரல.

அடுத்தாப்புல என்ன நடந்துச்சுங்கிய? அந்த அதிகாரி, ஆர்டர் ஆர்டர்தான்னு சொன்ன அதே அதிகாரி, புதுப் பயலைச் சுக்கான்ல இருந்து விலகச் சொல்லுதாரு! தொம்மையக் கூப்பிட்டு, நீங்க கொண்டு வாங்கங்காரு. எங்கயாவது அடுக்குமா? நான் என்ன சொன்னேன், நான் எவ்வளவு உசாரா இருந்தேன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டு மரியாதை எனக்குல்லா வரணும்? சுக்கானைத் தூக்கி அவன் கையில கொடுக்காக. எல்லாரும் கை தட்டுதாக. அந்த மீன்காரங்க கண்ணைத் துடைக்காக. நான் ஒரு ஓரமா இந்தத் துண்டோட நிக்கேன்.

கொண்டாந்தான். அது என்ன பெரிய வித்தை? துறைமுகத்துப் பைலட்டு கூட நின்னு வலதுன்னா வலது, இடதுன்னா இடது. கரையில ஒட்டும்போது கப்பல் தொட்டதே தெரியலன்னு எல்லாரும் சொன்னாக. எனக்குத் தெரியாது, நான் என் பழைய ரூமைப் பாத்துட்டு வரலாம்னு கீழ போயிட்டேன். ஒண்ணும் இல்ல அங்க. நாலு ஆணியும் ஒரு ஒயரும்.

திரும்ப மேல வாரேன், தொம்மை படியில நிக்கான். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். கையா அது, உப்புத்தாள். முகமெல்லாம் தண்ணி. "அண்ணாச்சி, சாகுறதுக்குள்ள யாராவது இதைச் சொல்ல மாட்டாங்களான்னு கிடந்தேன். என் மகன்கூட என்னை நம்பல. கடைசில நீங்க சொல்லிட்டிய"ங்கான்.

நான் என்னத்த சொன்னேன்? இவனுக்காக நான் ஒரு வார்த்தை பேசினேனா? நீங்களே சொல்லுங்க, நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருக்கிய? என்ன அப்படிப் பாக்கிய?

எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. சரி, வயசான காலத்துல செஞ்ச தப்பை உணந்துட்டான், அதான் அழுதான். நானும் பெரிய மனுசன்ல்லா. முதுகுல தட்டிக் கொடுத்து, "போட்டும்டே தொம்மை, நான் உன்னை மன்னிச்சிட்டேன்"னேன்.

அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். அழுதுக்கிட்டே சிரிச்சான். மாலையைக் கழட்டி மடக்கிக் கையில பிடிச்சுக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டே இறங்கிப் போயிட்டான்.